தலை காயாதவள்

ஆவரங்குடியிருப்பு வேதக்கோயிலில் முப்பிடாதிக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று அவள் தலையில் ஊற்றிய தண்ணீர் காயவில்லை. அன்றைக்கும் காயவில்லை, மறுநாளும் காயவில்லை, அடுத்து வந்த ஆடிக்காற்று ஊரிலிருந்த ஓலைக்கூரைகளைப் பிய்த்துக்கொண்டு போய் வாழைத்தோப்பில் போட்டபோதும், அவள் தலை மட்டும் இப்போதுதான் குளத்தில் முங்கி எழுந்து வந்த மாதிரிச் சொட்டிக்கொண்டே இருந்தது.

ஞானஸ்நானத்தில் அவளுக்குக் கிருபாவதி என்று பேர் வைத்தார்கள். கல்யாணத்துக்காக வைத்த பேர். மாவு மில் வைத்திருந்த ஆசீரை அவள்தான் விரும்பினாள், ஆசீரும் அவளைத்தான் விரும்பினான், ஆனால் வேதக்கோயிலில் தாலி கட்ட வேண்டுமென்றால் முதலில் தலையில் தண்ணீர் விழ வேண்டும் என்பது முறை. அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் இன்றைக்கும் அவள் இரண்டாம் தடவைக்குத்தான் திரும்பிப் பார்க்கிறாள் என்பதால், நாம் முப்பிடாதி என்றே சொல்லிவிட்டுப் போவோம்.

தண்ணீர் ஏன் காயவில்லை என்று ஊர் அதிகம் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. அது எந்தத் தண்ணீர் என்பதில்தான் சண்டை. அந்தக் கோடையில் வேதக்கோயில் கிணறு வற்றிக் கிடந்தது. மணியடிப்பது, பெஞ்சு துடைப்பது, சபைப் போதகரான ஐயருக்குத் தண்ணீர் எடுத்து வைப்பது எல்லாம் கோயில்பிள்ளையின் வேலை. அவர் ஆராதனை தொடங்கிய பிறகுதான் ஞானஸ்நானப் பாத்திரம் காலியாக இருப்பதைப் பார்த்திருக்கிறார். சைக்கிளை எடுத்து மிதித்து, குளத்துக்கு அந்தப் பக்கம் கொம்பன்விளைக்குப் போய், அங்கே வற்றாமல் கிடந்த முப்பிடாதி அம்மன் கோயில் கிணற்றில் ஒரு குடம் இறைத்துக்கொண்டு, பாட்டின் கடைசிச் சரணத்துக்குள் திரும்பி வந்துவிட்டார். கொம்பன்விளைதான் பெண் பிறந்த ஊர். அந்த அம்மன் பேரைத்தான் அவளுக்கு வைத்திருந்தார்கள். அதே கிணற்றில் குளித்து வளர்ந்தவளுக்கு அதே கிணற்றுத் தண்ணீரை ஐயர் ஜெபம் பண்ணி, மூன்று தடவை அள்ளி, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே ஊற்றிவிட்டார்.

விஷயம் வெளியே வந்ததும் சபைக் கமிட்டி கோயில்பிள்ளையைக் கூப்பிட்டு நிற்கவைத்து விசாரித்தது.

"வேற எங்கயும் தண்ணி கிடைக்கலியா ஓய் ஒமக்கு?"

"பாட்டு முடியப் போவுது, பொண்ணு முட்டுக்காலு போட்டு நிக்கா. நான் என்ன கடலுக்கா போவ முடியும்?" என்றார் அவர். அவரைச் சொல்லியும் குற்றமில்லை.

கொம்பன்விளைக்காரர்கள், எங்கள் கிணறு, எங்கள் பிள்ளை, அம்மன் அவளை விடவில்லை என்றார்கள். ஆவரங்குடியிருப்புக்காரர்கள், தண்ணீர் எங்கிருந்து வந்தால் என்ன, ஜெபம் யாருடையது, கர்த்தர் அவளைப் பிடித்துக்கொண்டார் என்றார்கள். அவள் தலையைத் துவட்டிப் பார்த்த மாமியார் பாக்கியமணிதான் முதல் மாதத்திலேயே வீட்டிலுள்ள துண்டுகளெல்லாம் நைந்துபோயின என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். சாம்பிராணி போட்டாள், வெயிலில் உட்காரவைத்தாள், சென்னையிலிருந்து மகள் அனுப்பிய முடி உலர்த்தும் மிஷினை மாட்டினாள். மிஷின் புகைந்து நின்றுபோனது. டவுனில் ஒரு டாக்டர் பொடுகுக்கு ஷாம்பு எழுதிக் கொடுத்தார். அதற்குப் பிறகு யாரும் வைத்தியம் பேசவில்லை.

மெல்ல மெல்ல ஊருக்கு அது பழகிவிட்டது. எதுதான் பழகவில்லை நமக்கு? மாவு மில்லுக்குள் அவள் கால் வைக்கக்கூடாது என்று ஆசீர் வாசலில் ஒரு கோடு கிழித்தான், ஏனென்றால் ஒரு தடவை அவள் சாப்பாடு கொண்டுபோய்க் குனிந்து வைத்ததில் யாருடைய கேப்பை மாவோ களியாகிப்போனது. வேதக்கோயிலில் பெண்கள் பக்கம் கடைசிப் பெஞ்சில் அவளுக்கென்று ஒரு இடமும், கீழே வைக்க ஒரு அலுமினியச் சட்டியும் ஒதுக்கினார்கள். பிரசங்கம் நீண்டுபோனால் சட்டியில் சொட்டும் சத்தம் கேட்டு ஐயரே ஆமென் சொல்லிவிடுவார். அவள் நடந்துபோன தெருவில் கோழிகள் பின்னாலேயே போயின. அவள் தலையில் வைத்த பூ வாடுவதில்லை என்று தெரிந்ததும், கல்யாண வீட்டுக்காரர்கள் காலையில் வாங்கிய பிச்சிப்பூவைக் கொண்டுவந்து, "மதினி, சாயங்காலம் வரைக்கும் வச்சுக்குடுங்க" என்று அவள் தலையிலேயே சுற்றிவிட்டுப் போனார்கள். இப்படிச் சில நாட்களில் நாலைந்து வீட்டுப் பூவைச் சுமந்துகொண்டு, தன் வீட்டில் ஒரு விசேஷமும் இல்லாமல், அவள் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பாள். மழை இல்லாத வருஷம் தக்காளி நாற்றங்காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போகச் சொல்லி மரியாதையாகக் கூப்பிட்டார்கள். ஒரு சுவிசேஷகர் காரில் வந்து கன்வென்ஷன் ஜெபக்கூட்ட மேடைக்குக் கூப்பிட்டார். கொம்பன்விளை அம்மன் கொடைத் திருவிழாவுக்குச் சொட்டும் தண்ணீரைப் பிடிக்கப் பித்தளைக் கொப்பரையை வைத்துக்கொண்டு கூப்பிட்டார்கள். இரண்டு பேருக்கும் பயந்து அவள் கோழிக்கூட்டுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

தண்ணீரை எல்லாரும் பார்த்தார்கள். அந்தத் தலைக்குள் என்ன நடந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

அவளுக்கு ஜெபம் வரவில்லை. சாயங்காலக் குடும்ப ஜெபத்தில் முட்டுக்கால் போட்டு, கண்ணை மூடி, "கர்த்தாவே" என்று தொடங்குவாள். நெற்றியிலிருந்து ஒரு சொட்டு மூக்கு வழியே இறங்கும், அதில் வேப்பிலையும் கிணற்றுப் பாசியும் மணக்கும், அந்த மணத்தில் கொம்பன்விளையின் சிறு கோயிலும் அங்கே செவ்வரளி மாலைக்குள் கண் பிதுங்க உட்கார்ந்திருக்கும் முகமும் எழுந்து வரும், அவள் வாய் அப்படியே நின்றுவிடும். சரி, அம்மன்தான் கூப்பிடுகிறாள் போல என்று, அம்மனுக்குச் சாமியாடுகிற அண்ணன் வேலாண்டியோடு அந்தக் கோயிலுக்குப் போனால், தீபாராதனை காட்டும்போது எல்லாரும் "தாயே" என்று கும்பிட, இவள் வாயிலிருந்து "ஆமென்" என்று வந்துவிடும். கேட்டவர்கள் சிரித்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு வீட்டுக்கும் பிள்ளையாக இருந்துகொண்டு, இரண்டு வாசலிலும் செருப்பைக் கையில் பிடித்தபடி நிற்கிறோமே, உள்ளே போவதா வெளியே போவதா என்று ஒருவரும் சொல்லவில்லையே என்று அவள் தவித்தாள். அதைவிட வெட்கம் தந்தது இன்னொன்று. சித்திரை வெயிலில் ஊரே வேகும்போது தன் தலை மட்டும் குளிர்ந்து கிடப்பது அவளுக்குப் பிடித்திருந்தது. அதை யாரிடமும் சொல்லக்கூட முடியவில்லை.

பிறகு பியூலா பிறந்தாள். பிறந்த பிள்ளை ஈரமாகத்தானே வரும். அறைக்கு வெளியே இரண்டு ஊரும் கூடி நின்று, காய்ந்துவிட்டதா காய்ந்துவிட்டதா என்று கேட்டது. துடைத்ததும் காய்ந்துவிட்டது. ஆசீர் மில்லை மூடிவிட்டு வந்து எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தான்.

அன்றைக்கு முப்பிடாதி ஒரு துண்டை எடுத்துத் தலையில் இறுக்கிக் கட்டினாள். பிள்ளையைத் தொடும்போதெல்லாம் கட்டினாள். பால் கொடுக்கும்போதும், குளிப்பாட்டும்போதும், மடியில் போட்டு ஆட்டும்போதும் கட்டினாள். துண்டு ஊறிவிட்டால் பிள்ளையை மாமியாரிடம் கொடுத்துவிட்டு ஓடிப்போய் வேறு துண்டு கட்டிக்கொண்டு வந்தாள். தன்மேல் நின்றுவிட்ட அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டும் பிள்ளைமேல் விழக்கூடாது, தான் நிற்கிற இடத்தில் பிள்ளையும் வந்து நிற்கக்கூடாது. அவளுக்கு உலகத்தில் இருந்த பயம் அது ஒன்றுதான்.

அதனாலேயே பிள்ளைக்கு ஞானஸ்நானம் தள்ளிக்கொண்டே போனது. ஐயர் நாள் குறித்தால், பிள்ளைக்குச் சளி என்பாள், பல் முளைக்கிறது என்பாள், கோயில் அசன விருந்து முடியட்டும் என்பாள். அண்ணன் முதல் மொட்டைக்கு அம்மன் கோயிலில் நாள் பார்த்தால், அதற்கும் இதே சளி, இதே பல். முடி வளர்ந்து பிள்ளையின் இடுப்பைத் தொட்டது. "அஞ்சு வயசாவப் போவுது, இன்னும் ஆண்டவருக்கும் இல்லாம மனுசனுக்கும் இல்லாம வளக்கியே ஏட்டி, கேக்கவியளுக்கு நான் என்ன பதில் சொல்ல?" என்று மாமியார் அழுதே விட்டாள்.

"யாரு ஊத்தினாலும், அது காயாமப் போயிட்டா என்ன பண்ண அத்தை?" என்றாள் முப்பிடாதி. பாக்கியமணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பங்குனி வெயிலில் பிள்ளைக்கு அம்மை போட்டது. முதல் கொப்புளத்தைப் பார்த்தது மாமியார். "அம்மை போட்டிருக்குட்டி" என்று சொல்லிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, "சிக்கன் பாக்ஸு" என்று திருத்தினாள். மூன்று தலைமுறையாக வேதக்காரக் குடும்பம். அந்த வீட்டில் அம்மைக்கு வேப்பிலை கட்டுவதில்லை, தலைமாட்டில் வேதப்புத்தகம் வைப்பதுதான் வழக்கம். வைத்தார்கள். பிள்ளையின் படுக்கையை மாற்றும்போது முப்பிடாதி தலையணையைத் தூக்கினாள். வேதப்புத்தகத்துக்குக் கீழே ஒரு கொத்து வேப்பிலை, அன்று பறித்த கொழுந்து, நசுங்கிக் கிடந்தது. திரும்பிப் பார்த்தால் மாமியார் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். முப்பிடாதி தலையணையை இருந்தபடியே வைத்தாள்.

காய்ச்சல் ஏறியது. கொப்புளம் கண்ணிமைக்குள்ளும் வந்தது. காலையில் நர்ஸம்மா வந்து ஊசி போட்டு, மாத்திரை கொடுத்து, "ஈரத்துணி போட்டுத் துடைச்சுக்கிட்டே இருங்க, காய்ச்ச இறங்கலைன்னா ஒடனே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிரணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஆசீர் கார் பிடிக்க டவுனுக்கு ஓடினான். பிள்ளை கண் திறக்கவில்லை. கூப்பிட்டால் பதில் இல்லை. வீட்டுக்குள் அனலாக இருக்கிறதென்று முற்றத்து வேப்பமர நிழலில் கட்டிலைப் போட்டுக் கிடத்தினார்கள்.

உச்சிப்பொழுதில் மேற்கு வாசல் வழியாக ஐயர் வந்தார். பாக்கியமணி ஆள் அனுப்பியிருந்தாள். இளைப்பு நோய்க்காரர், வெயிலில் நடந்து வந்ததில் மூச்சு வாங்கியது. கையில் ஒரு செம்புத் தண்ணீர். கிழக்கு வாசல் வழியாக அண்ணன் வேலாண்டி வந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை, கேள்விப்பட்டு வந்தார். அவர் கையிலும் ஒரு செம்புத் தண்ணீர், அதில் மஞ்சளும் வேப்பிலையும். இரண்டும் அதே அம்மன் கோயில் கிணற்றுத் தண்ணீர்தான். அந்த வருஷமும் வேதக்கோயில் கிணறு வற்றித்தான் கிடந்தது.

"ஞானஸ்நானம் வாங்காம பிள்ளை போயிரக்கூடாது ஐயா, ஒடனே ஊத்துங்க" என்று பாக்கியமணி தரையில் விழுந்தாள்.

"தாயி," என்று தங்கச்சியைப் பார்த்துச் சொன்னார் வேலாண்டி, "அம்மன் கோவத்துல இருக்கா. ஒரு மொட்டை போட்டியளா, ஒரு பொங்கல் வச்சியளா? இப்பமாவது அவா தண்ணிய முதல்ல தெளிக்க விடு. பொறவு ஐயா ஊத்தட்டும், நான் வேண்டாங்கல."

"பிறகுன்னா என்ன அர்த்தம் வேலாண்டி?" என்றார் ஐயர். கெட்ட மனுஷர் இல்லை. "ஞானஸ்நானம் ஒண்ணுக்கு அடுத்த ரெண்டாவதா வர்ற காரியம் இல்ல. கிருபாவதி, அம்மா, நீ சொல்லு. பிள்ளை உன்னோடது."

முதல் தடவையாக யாரோ அவளைக் கேட்டார்கள். முப்பிடாதி கட்டிலுக்குப் பக்கத்தில் துண்டு கட்டிய தலையோடு முட்டுக்காலில் இருந்தாள். காலையிலிருந்து அவள் ஜெபம் பண்ணப் பார்த்தாள். கர்த்தாவே என்றால் அம்மன் முகம். தாயே என்றால் சிலுவை. இரண்டையும் சேர்த்துச் சொன்னால் பொய் சொல்கிற மாதிரி நாக்கு கூசியது, இரண்டையும் விட்டால் வெறும் வெயில்தான் இருந்தது. இந்தக் கையிலா அந்தக் கையிலா, எதில் பிள்ளையைக் கொடுக்க? தப்பான கையில் கொடுத்துவிட்டால்? சரியான கை என்று ஒன்று இருந்தால் இத்தனை வருஷமாக அது தன் தலையை ஏன் துவட்டவில்லை? அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை, உள்ளது உள்ளபடி சொன்னால் அவளுக்குக் கோபம்தான் வந்தது, இரண்டு செம்பின்மேலும் இரண்டு சாமிகள்மேலும் தன்மேலும்.

பிள்ளையின் உதடு வெடித்திருந்தது. ஈரத்துணி நெற்றியில் போட்ட மாத்திரத்தில் காய்ந்து மொடமொடத்தது. மாமியார் அதை நனைக்க உள்ளே ஓடினாள். அதற்குள் பிள்ளையின் கை ஒரு தடவை வெட்டி இழுத்தது.

முப்பிடாதி துண்டை அவிழ்த்தாள்.

அவிழ்த்ததும் தலைமுடி முழுக்கச் சரிந்து விழுந்தது, இத்தனை வருஷம் சொட்டிய தலைமுடி, அதைப் பிள்ளையின் மேலே, நெற்றியில், கழுத்தில், கொப்புளம் கொப்புளமாக இருந்த நெஞ்சில் போர்த்திக்கொண்டு அவள் குனிந்தாள். தண்ணீர் இறங்கியது. கட்டில் கயிறு வழியாகச் சொட்டித் தரை நனைந்தது, ஓடி வந்த கோழிகளை வேலாண்டி காலால் விரட்டினார், ஐயர் செம்போடு ஒரு அடி முன்னால் வந்து நின்றுவிட்டார், ஈரத்துணியோடு வெளியே வந்த பாக்கியமணி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். முப்பிடாதி பிள்ளையின் காதுக்குள் ஏதோ சொன்னாள். திரும்பத் திரும்பச் சொன்னாள். நிழல் கட்டிலை விட்டு நகர்ந்து போகிற வரைக்கும் அப்படியே கிடந்தாள்.

ஆசீர் காரோடு வந்து இறங்கியபோது பிள்ளை கண் திறந்து, "அம்மா, முதுகு அரிக்கி" என்றது.

காய்ச்சல் ஊசியால்தான் இறங்கியிருக்கும் என்று கார் டிரைவர் சொன்னான். இருக்கலாம். காரை அனுப்பிவிட்டு ஆசீர் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

ஐயர் கையிலிருந்த செம்பைக் கீழே வைத்தார். பிறகு தொண்டையைச் செருமினார். "அவசரத்துக்கு யார் வேணாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம்னு சபையில விதி இருக்கு. தண்ணி வேணும், நாமம் வேணும். நீ எந்த நாமத்துல ஊத்தினே அம்மா?"

வேலாண்டியும் அதைத்தான் தெரிந்துகொள்ள நின்றார். "சொல்லு தாயி. யாரக் கூப்பிட்ட?"

"பியூலான்னு கூப்பிட்டேன்" என்றாள் அவள். "வேற பேரு வாயில வரல."

ஐயர் வேலாண்டியைப் பார்த்தார். வேலாண்டி ஐயரைப் பார்த்தார். இது எதில் சேரும் என்று இருவருக்கும் தெரியவில்லை. தெரியாத விஷயத்தில் எழுந்து போகவும் மனசில்லாமல் இரண்டு பேரும் முற்றத்தில் உட்கார்ந்து, பாக்கியமணி கொண்டுவந்த கடுங்காப்பியைக் குடித்தார்கள். மனசுக்குள் இரண்டு பேருக்கும் ஒரே கேள்விதான். பிள்ளையின் தலை காயுமா? காயாவிட்டால் நாளைக்கு இரண்டு ஊரும் இந்த முற்றத்தில் நிற்கும்.

முப்பிடாதி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, அந்த முடியைத் தடவினாள். ஈரம். மறுபடி தடவினாள். ஈரம். ஐயோ, போட்டுவிட்டேனே, என் பிள்ளையையும் இதில் கொண்டுவந்து போட்டுவிட்டேனே என்று உள்ளே அலறினாள், ஆனால் விரலை எடுக்கவில்லை. வெயில் சாய்ந்தது. காற்று வந்தது. நெற்றி ஓரத்தில் ஒரு முடி பிரிந்து பறந்தது. பிறகு இன்னொன்று. உச்சியில் கை வைத்தாள். வெயிலில் கிடந்த பிள்ளையின் தலை எப்படி இருக்குமோ அப்படி, சூடாக, புழுதி வாசத்தோடு, காய்ந்திருந்தது.

"காஞ்சிட்டு" என்றாள். "ஏங்க, காஞ்சிட்டு, தொட்டுப் பாருங்க."

ஆசீர் தொட்டுப் பார்த்தான். மாமியார் தொட்டுப் பார்த்தாள். ஐயரும் வேலாண்டியும் தொட்டுப் பார்த்துவிட்டு, இதில் தங்கள் பக்கத்துக்குச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை என்ற லேசான வருத்தத்தோடும் நிறைய நிம்மதியோடும் ஆளுக்கொரு வாசலாகப் போனார்கள்.

முப்பிடாதியின் தலை சொட்டிக்கொண்டுதான் இருந்தது. அது நிற்கவில்லை, அவளும் நிற்கும் என்று எதிர்பார்க்கவில்லை. மத்தியானத்திலிருந்து தான் ஜெபம் பண்ணிக்கொண்டே இருக்கிறோம் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. யாரிடம் என்று கேட்டால் இப்போதும் சொல்லத் தெரியாது. உதடு அசைந்துகொண்டிருந்தது, அவள் அதை நிறுத்தவில்லை.

தூக்கக் கலக்கத்தில் பியூலா கையை நீட்டித் தாயின் நனைந்த முடியைப் பிடித்து இழுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். மாமியார் துண்டை எடுத்து நீட்டினாள். முப்பிடாதி வாங்கவில்லை. பிள்ளை நனைந்தது, கொஞ்ச நேரத்தில் காய்ந்தது, மறுபடியும் நனைந்தது.